உதயகலாவின் செத்தவீட்டுக் கசெற்

அளவெட்டியில் ஒரு வீட்டில் சாவு என்றால், பறை வருவதற்கு முன்னரே அருமை அக்கா வந்துவிடுவார். யாரும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதில்லை. வெங்காயத் தறையில் நின்றாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கைகால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வருவார். பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து, அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்புச் சொல்லி அழத் தொடங்குவார். கூலிக்கு அழுகிறவர் இல்லை. அருமைநாயகி என்ற முழுப்பெயர் வாக்காளர் இடாப்பில் மட்டும்தான் இருக்கிறது. கலியாணம் கட்டாதவர். ஒரு துண்டுத் தோட்டம், ஒரு பசுமாடு, தங்கையின் மகள் மதுரா. அவ்வளவுதான் அவருடைய சீவியம். அவர் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்புச் சொல்லி அழும்போது ஒரு பெண் எதையும் சொல்லலாம். மாமியார் பட்டினி போட்டதைச் சொல்லலாம். புருஷன் அடித்ததைச் சொல்லலாம். காணியை எழுதி வாங்கியவர் பக்கத்தில் இருக்கும்போதே அவர் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவர்கள் அதைப் படலைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. "அழுகைக்குள்ளை வந்தது அழுகையோடை போகட்டும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்குச் சமைக்கக் கூடும்போதும் ஒருவரும் அந்தக் கதையை எடுக்க மாட்டார்கள். வேறு எத்தனையோ விஷயத்தில் எங்கள் ஊர் வாய் பொல்லாத வாய். இதில் மட்டும் வாய்க்குப் பூட்டு.

அந்தப் பூட்டு இருந்தபடியால்தான், அருமை அக்கா இருபத்து நான்கு வருடம் மதுராவிடம் ஒரு பொய்யைச் சொல்லி, அதை ஊரோடு சேர்ந்து காப்பாற்ற முடிந்தது.

பொய் இதுதான். "கொம்மா மூளைக்காய்ச்சலிலை செத்தவள்."

நடந்தது வேறு. மதுராவின் தாய் உதயகலா, அருமை அக்காவின் ஒரே தங்கை. அவளுடைய புருஷன் தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம், சைக்கிளில் சுன்னாகத்துக்கு விதை வெங்காயம் பார்க்கப் போனவர் திரும்பவில்லை. சைக்கிளும் வரவில்லை. அப்போது மதுரா வயிற்றில். உதயகலா ஒவ்வொரு ஆமிக் காம்ப் வாசலாகப் போனாள். வயிற்றோடு போனாள், பிறகு கைக்குழந்தையோடு போனாள். மூன்று வருடம் அப்படிப் போனாள். தொண்ணூற்றொன்பதில் ஒரு காலை, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டக் கிணற்றில் குதித்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடியவர் அருமை அக்கா. கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பிள்ளையை உயிரோடு எடுத்தார். தங்கையைப் பிறகு ஆட்கள் வந்து எடுத்தார்கள்.

செத்தவீட்டில் அவர் அழுத அழுகை எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"தண்ணிக்குப் போனவளே, தனியப் போயிருக்கலாமே,
பாலுக்கு அழுத குஞ்சைப் பறிச்சுக்கொண்டு போனாயே..."

ஊர் முழுக்கக் கேட்டது. ஒருவரும் வெளியே கொண்டுபோகவில்லை. மதுரா பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள், பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டுப் படித்துப் பட்டமும் எடுத்தாள். இவ்வளவு காலமும் ஒரு பிள்ளைகூட அவளைக் கோபத்திலும் "உன்ரை கொம்மா கிணத்திலை" என்று சொன்னதில்லை. மரணச் சான்றிதழை அக்கா றங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். தேவைப்பட்ட அலுவலகங்களுக்கெல்லாம் தானே கொண்டுபோய்த் தானே திருப்பிக் கொண்டுவந்தார். கடவுள் புண்ணியத்தில் அது அப்படியே போயிருக்க வேண்டியது.

நான் பல்கலைக்கழகத்தின் இசை நூலகத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும், அங்கே இருந்து இருந்து, எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியும். போன வருடம் மதுராவுக்கும் அங்கேயே தற்காலிக வேலை கிடைத்தது. பழைய ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, யார் பாடுகிறார், என்ன ராகம், என்ன சொல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினது கொம்பியூட்டரில் ஏறும். பிறகு உலகத்தில் எங்கே இருந்தும் இன்ரநெற்றில் கேட்கலாம்.

அந்த வருடம்தான் மல்லாகத்துச் செபமாலை அண்ணையின் பெட்டிகள் வந்தன. அவர் சந்தியில் பாட்டுக் கசெற் பதிந்து விற்கிற றெக்கோடிங் பார் வைத்திருந்தவர். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்றாலும் எங்கள் கோயில் திருவிழா ஒன்றையும் தவறவிட மாட்டார். சைக்கிள் கரியரில் ரேப் றெக்கோடரையும் பற்றறியையும் கட்டிக்கொண்டு வந்து, மேளத்துக்கு முன்னால் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். அவர் காலமான பிறகு, வெளிநாட்டில் இருந்து வந்த பிள்ளைகள் அறுநூற்றுச் சொச்சம் கசெற்றை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பால்மாப் பெட்டிகளில் வந்தன. அடுக்கி முடிய எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

புதிய சேகரத்தையும் இன்ரநெற் பக்கத்தையும் திறக்க ஒரு கூட்டம் வைத்தார்கள். நூலகத்துக்குப் பொறுப்பான நிஷானி மிஸ் பேசினார். செபமாலை அண்ணை தான் பதிந்த கசெற்றை ஒருநாளும் கையால் விடமாட்டாராம். அதிலிருந்து இன்னொன்று பதிந்துதான் வீட்டுக்காரருக்குக் கொடுப்பாராம். அதனால்தான் இவ்வளவும் மிஞ்சியது என்று பெருமையாகச் சொன்னார். பிறகு ஒரு திருவிழா நாதஸ்வரத்தைப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் கடலை விற்கிற ஒருவன் "கச்சான்! கச்சான்!" என்று கத்துகிறான். எல்லாருக்கும் சிரிப்பு. அடுத்த கிழமை கனடாவில் இருந்து ஒருவர் போன் எடுத்து, நாதஸ்வரம் நல்லது, ஆனால் கச்சான்காரனின் குரலைக் கேட்டுத்தான் அழுதேன், அவன் இருக்கிறானா என்று கேட்டாராம்.

இந்தப் பகிடியைச் சொல்லத்தான் நான் அன்று வேலியடிக்குப் போனேன். அருமை அக்கா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, செபமாலை அண்ணை பதிஞ்சதெல்லாம் எங்கடை நூலகத்துக்கு வந்திட்டுது."

"கோயில் மேளமோ?"

"மேளம், கலியாண வீடு, பேந்து செத்தவீடு ஒரு பெட்டி."

தவிட்டுக்குள் இருந்த கை நின்றது.

"செத்தவீட்டுக் கசெற் உவைக்கு என்னத்துக்கடி?"

"ஒப்பாரியும் பாட்டுத்தானாம். நிஷானி மிஸ் மேடையிலை சொன்னவ."

"பாட்டோ?" என்றார். "அண்டைக்கு நாங்கள் பாடினனாங்களோ?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உதயகலாவின் செத்தவீட்டில் செபமாலை அண்ணை நின்றவர். நோர்வேயில் இருந்த அவர்களுடைய மூத்த அண்ணரால் வர முடியாது. செத்தவீட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார். அந்த நாளில் வெளிநாட்டுக்காரர் இருந்த வீடுகளில் அது வழக்கம். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். ஒருதரம் கேட்டுவிட்டு உடைத்து எறிந்துவிட்டேன் என்று அண்ணர் கடிதம் எழுதினார். அதோடு அது முடிந்தது என்று அக்கா நினைத்திருந்தார்.

"உள்ள ஒரே ஒண்டைத்தான் தந்தவர் எண்டெல்லே நான் நினைச்சன்," என்றார். கையைக் கழுவவும் மறந்து வேலியைப் பிடித்தார். "குணம், அது அங்கை இருந்தால் மதுரா கேப்பாள்."

"இப்ப கேக்க மாட்டாள் அக்கா. இந்த வருசம் நாதஸ்வரம் மட்டும்தானாம்."

"வாற வருசம்?"

அடுப்பில் உலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நான் திரும்பிவிட்டேன்.

நாலு நாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுக் கேட்டார். "நீ கூட்டப் போற அறைதானே. எடுத்துத் தா."

"அது களவு அக்கா."

"என்ரை அழுகையை நான் எடுத்தால் களவோ?"

"மிஸ்ஸிட்டைக் கேட்டுப் பாப்பமே. நல்ல மனுசி."

"கேட்டால் ஏன் எண்டு கேப்பா. ஏன் எண்டு சொன்னால் அவவுக்குத் தெரிஞ்சுபோம். அவவுக்குத் தெரிஞ்சது அந்தப் பிள்ளைக்குத் தெரிய எவ்வளவு நேரமடி?"

எங்களைப் போல ஆட்கள் ஓவீஸ் அலுவல் என்றால் இப்படித்தான் நினைப்போம். ஒரு கடதாசி நீட்டுவார்கள், ஏன் எதற்கு என்று எழுதச் சொல்லுவார்கள், எழுதினது நாலு மேசைக்குப் போகும். அதனால் கேட்காமலே விடுவோம். நான் இரண்டு வெள்ளிக்கிழமை பிள்ளையாருக்கு முன்னால் நின்று கேட்டேன். அவர் எடு என்றும் சொல்லவில்லை, எடாதே என்றும் சொல்லவில்லை. அக்காவோ தோட்டத்துக்குப் போகாமல், சமைத்ததைச் சாப்பிடாமல், மதுரா வேலையால் வரும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பெரியம்மா, என்ரை முகத்திலை கரியோ?" என்று அவள் கேட்பாள்.

கடைசியில் எடுத்தேன். எட்டு மணிக்கு முன்னர், ஆட்கள் வராத நேரம், அறையைத் துடைக்கப் போனபோது செத்தவீட்டுப் பெட்டியைத் திறந்தேன். எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தேன். அதிலுள்ள பெயர்களில் பாதிப்பேரின் செத்தவீட்டுக்கு நானே போயிருந்தேன். "அளவெட்டி, உதயகலா, செத்தவீடு, 99." நீல மையால் எழுதியிருந்தது. வாளிக்குள் நிலம் துடைக்கிற துணிக்குக் கீழே வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்ற நாளைப் போலவே விறாந்தையையும் கூட்டி முடித்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் இரண்டுபேரும், எங்கள் ஆட்கள் சாம்பல் கரைக்கிற கீரிமலைக்கு பஸ் எடுத்தோம். உதயகலா செத்த காலத்தில் அங்கே போக ஆமி விடவில்லை. அவளுடைய சாம்பலை வேறு கடலில்தான் கரைத்தார்கள். அது அக்காவுக்கு எப்போதும் ஒரு குறை. "சாம்பல்தான் வரேல்லை, உதாவது வரட்டும்" என்றார். கல்லில் இருந்து கசெற்றை உடைத்து, உள்ளே இருந்த மண்ணிற நாடாவை இழுத்து இழுத்துக் கடலில் விட்டார். அது தாழவில்லை. அலையில் நெளிந்து நெளிந்து திரும்பக் கரைக்கே வந்து பாறையில் சுற்றிக்கொண்டது. அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எல்லாவற்றையும் கையால் சேர்த்து, ஒரு கல்லில் இறுகக் கட்டித் தூர எறிந்தார். ஏறி வந்தபோது பல்லுக் கிட்டிப்போயிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு அமைதி. வரும் வழியில் எனக்குச் சோடா வாங்கித் தந்தார்.

பதினைந்து நாள் நிம்மதியாக இருந்தோம்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நான் விறாந்தையைக் கூட்டிக்கொண்டிருக்க நிஷானி மிஸ் பெயர்ப்பட்டியலோடு வந்தார்.

"குணமக்கா, ஒரு கசெற் குறையுது. நிலத்திலை கிலத்திலை விழுந்து கிடந்ததோ?"

"இல்லை மிஸ்."

"செத்தவீட்டுக் கசெற் ஒண்டு. பறவாயில்லை, நல்ல காலம். பெட்டி வந்த மாசமே எல்லாத்தையும் கொம்பியூட்டரிலை ஏத்தியாச்சு."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். முதல் வேலை அதுதானே. கசெற் பூஞ்சணம் பிடிச்சுப்போம்."

"அப்ப கசெற் இல்லாட்டிலும் குரல் இருக்குமோ மிஸ்?"

"இருக்கும், இருக்கும். இனி அழியாது. நீங்கள் அந்தரப்படாதேங்கோ." என் முகத்தைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொன்னார். "மூலக் கசெற் துலைஞ்சால், அதிலை உள்ள சொல்லுகளை உடனை எழுதி வைக்கோணும் எண்டு ஒரு முறை இருக்கு. அதை முதல் செய்யச் சொல்லி மதுராவிட்டைக் குடுத்திட்டன்."

அந்த இடத்திலேயே நான் வாய் திறந்திருக்க வேண்டும். விளக்குமாறைப் பிடித்தபடி நின்றேன். மிஸ் போய்விட்டார்.

அன்று பின்னேரம் மதுரா ஓடிவந்தாள். படலையைத் திறந்தபடியே கத்தினாள்.

"பெரியம்மா! அம்மாவின்ரை செத்தவீட்டுக் கசெற் இருந்திருக்கு! எங்கடை நூலகத்திலை! கசெற்றை ஆரோ துலைச்சுப்போட்டினம், ஆனால் கொம்பியூட்டரிலை இருக்கு. பேரைப் பார்த்தோடனை எனக்கு நெஞ்சு அடிச்சுப்போட்டுது. நாளைக்குக் கேக்கப் போறன்."

அவளிடம் தாயின் ஒரே ஒரு படம் இருந்தது. அடையாள அட்டைப் படம். அதில் உதயகலா சிரிக்கவும் இல்லை.

"உங்கடை குரலும் இருக்கும் என்ன? அப்ப உங்களுக்கு முப்பத்துச் சொச்சம். குமரிக் குரல்!" என்று அக்காவின் கன்னத்தைப் பிடித்தாள்.

அக்கா அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "பிள்ளை, அதை நீ கேளாதை."

"ஏன்?"

"செத்தவீட்டு அழுகையைப் பேந்து கேக்கக் கூடாது. துடக்கு."

"துடக்கெண்டால் ஓவீசுக்குத்தானே பெரியம்மா. நான் வீட்டை கொண்டு வரேல்லையே. வேணுமெண்டால் குணம் மாமி மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கூட்டுவா." சிரித்துக்கொண்டு முகம் கழுவப் போனாள்.

நான் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, அதிலை கேக்க முதல் நீங்களே இப்ப சொல்லிப்போடுங்கோ."

"எப்பிடியடி சொல்லுறது?" என்றார். "அண்டைக்கு அழுகையிலை சொல்லிப்போட்டன். கதையிலை சொல்ல வாய் வருகுதில்லை."

இரவு விளக்கேற்றிச் சாமி கும்பிட்டபோது எனக்கு ஒரு வரமும் கேட்க வரவில்லை.

மற்ற நாள் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். அவர் வேறு கட்டடத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் காவல் நின்றேன். வந்தபோது பத்து மணி. கசெற்றை எடுத்தது நான்தான் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். திட்டவில்லை.

"குணமக்கா, செத்தவீட்டுப் பெட்டியை நாங்கள் இன்ரநெற்றிலை போடுறதாய் இருக்கேல்லை. வாற வருசம் ஒவ்வொரு வீடா வந்து கேக்கத்தான் இருந்தது. வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், காரணமும் கேளாமல் மூடி வைச்சிருப்பன். மதுராவுக்கும் குடுத்திருக்க மாட்டன்."

"கேக்கலாம் எண்டு எங்களுக்குத் தெரியாது மிஸ்."

அவர் எழுந்து விரைவாக நடந்தார். நானும் பின்னால் போனேன். கேட்கிற அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே மதுரா காதில் மாட்டியபடி இருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள். அழவில்லை. கொஞ்சம் கேட்பாள், நிறுத்துவாள், எழுதுவாள். ஒரு இடத்தில் வந்து திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஐந்து ஆறு தரம் இருக்கும். மிஸ் கதவில் கை வைத்தவர் திறக்கவில்லை. வேலையில் இருக்கிற ஒருவரைப் போல அவ்வளவு கவனமாக அவள் இருந்தாள். பிந்திவிட்டோம் என்று இரண்டுபேருக்கும் விளங்கியது.

பின்னேரம் நான் முதலில் வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் மாமரத்துக்குக் கீழே சாக்கை விரித்து வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தார். "ஓம்" என்றார். கட்டிக்கொண்டே இருந்தார். மதுரா வந்தாள். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். சாக்கின் ஒரு ஓரத்தில் இருந்து கொப்பியைத் திறந்தாள்.

"பெரியம்மா, வேலை விசயமா ஒண்டு கேக்கோணும்."

அக்கா தலையாட்டினார்.

"முதல் பக்கம் முடியேக்கை, 'ஒரு கையிலை கயிறடி' எண்டு அழுகிறியள். பேந்து டக்கெண்டு ஒரு சத்தம். மற்றப் பக்கம் துடங்கேக்கை நோர்வே மாமாவைக் கூப்பிட்டு அழுகிறியள். செபமாலை ஐயா கசெற்றைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அந்த இடைக்குள்ளை என்ன சொன்னனீங்கள்?"

நான் எழும்பப் போனேன். அக்கா என் முழங்காலைப் பிடித்து இருத்தினார்.

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபத்து நான்கு வருடத்துக்கு முந்திய அழுகை, யார் என்ன சொல்ல முடியும்? அங்கே நின்ற எனக்கே அந்த வரி நினைவில் இல்லை. பறைச் சத்தத்திலும் கூட்டத்திலும் அது போய்விட்டது. அவர் அப்படிச் சொல்லவேண்டும் என்று நான் மனதுக்குள் பிள்ளையாரை மன்றாடினேன்.

"ஒரு கையிலை கயிறு," என்றார் அக்கா. அழுகைக் குரல் இல்லை. கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்லுவது போலச் சொன்னார். "மற்றக் கையிலை கொம்மாவின்ரை கை."

"அவ பிடிச்சவவோ?"

"பிடிச்சவள். நகம் பதியப் பிடிச்சவள்."

"அப்ப அவ மேலை வரப் பாத்திருக்கிறா."

"ஓம்."

"நீங்கள்?"

"நீ தண்ணிக்குள்ளை தாண்டுகொண்டிருந்தாய். சட்டை மட்டும்தான் தெரிஞ்சுது. எனக்கு ரண்டு கைதான் மோனை." ஒரு பிடி வெங்காயத்தை எடுத்தவர், கட்டாமல் மடியில் வைத்தார். "அவளின்ரை கையை உதறிப்போட்டு உன்னைப் பிடிச்சன். உன்னைக் கிணத்துக் கட்டிலை ஏத்திப்போட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை."

மதுரா எழுதவில்லை. பேனை மூடியை மாட்டினாள். பசு ஒருதரம் கத்தியது. இரண்டுபேரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"என்னை விட்டிருக்கலாம்," என்றாள்.

"உதை மட்டும் சொல்லாதை."

"நான் போகேக்கை அவவைக் கேட்டே போனனான்? அவதானே கொண்டு போனவ. பேந்து அவவே மேலை வரப் பாத்தவ. நீங்கள் அவவை விட்டிட்டியள். இதிலை நான் ஆரோடை கோவிக்கிறது பெரியம்மா? சொல்லுங்கோ. ஒரு ஆளைச் சொல்லுங்கோ."

அந்தச் சைக்கிளோடு போனவரைச் சொல்லுவதா? அவரைக் கொண்டுபோனவர்களைச் சொல்லுவதா? அவர்களுடைய பெயர் யாருக்குத் தெரியும்?

அந்தக் கிழமையே மதுரா கொக்குவிலில் ஒரு வீட்டு அறைக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை. இரண்டு பையோடு வந்து "போட்டு வாறன்" என்று சொல்லித்தான் போனாள். நூலகத்துக்கு ஒழுங்காக வருகிறாள். கோயில் மேளங்களைக் கேட்டு எழுதுகிறாள். முன்பு வேலை செய்யும்போது வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பாள். இப்போது அது இல்லை.

நிஷானி மிஸ் என்னிடமிருந்து அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அது நியாயம்தான். விறாந்தையும் படியும் மட்டும் கூட்டுகிறேன். உதயகலாவின் பதிவை என்ன செய்வது என்று அவர் மதுராவைத்தான் கேட்டார். பெரியம்மா இருக்கும்வரை எவரும் கேட்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தாளாம். அவள் எழுதிய சொற்களை மிஸ் எனக்குக் காட்டினார். கெட்டிக்காரப் பிள்ளை, ஒரு எழுத்துப் பிழையில்லை. ஒரு கையிலை கயிறடி என்ற வரிக்குக் கீழே, "நாடாவைத் திருப்பும்போது சில வரிகள் பதிவாகவில்லை" என்று இருந்தது. அதற்கு மேல் அவள் ஒன்றும் எழுதவில்லை.

அருமை அக்கா இப்போதும் செத்தவீடுகளுக்குப் போகிறார். போன மாதம் தபால்காரரின் தாய் செத்தபோது, தலைமாட்டில் போய் இருந்தார். பெண்கள் அவரைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

"என்ன அருமை, கிழவியை இப்பிடிச் சும்மா அனுப்புறதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் அந்தப் பிரேதத்தின் கால்களைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் ஒரு பெட்டை போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், கனடாவுக்குக் காட்ட.

ஒவ்வொரு காலையும் வேலியால் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வரும். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும், அல்லது இடியப்பமும் சொதியும். நான் கொண்டுபோய் மதுராவின் மேசையில் வைப்பேன். "தாங்க்ஸ் மாமி" என்பாள். பின்னேரம் பெட்டியைக் கழுவித் துடைத்துத் தருவாள். யார் தந்தது என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நான் படலையைத் திறக்கும் சத்தத்துக்கு அக்கா வேலியடிக்கு வந்துவிடுவார்.

"சாப்பிட்டவளோ?"

"ஓம் அக்கா."

"முழுக்கவோ?"

"பெட்டி கழுவித்தானே தந்தவள். எனக்கு எப்பிடித் தெரியும்?"

பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே மணந்து பார்த்துவிட்டுப் போவார்.